முன் சக்கரம் ஓர் அளவு, பின் சக்கரம் ஓர் அளவு

வீட்டிற்குப் பொருள் வாங்கும்போது நம் குடும்பத்தினர் காட்டும் கவனம் பெரிது. அரிசியைக் கையில் அள்ளி முகர்ந்து பார்க்கிறோம். புடவையை வெளிச்சத்தில் விரித்து நெசவைப் பார்க்கிறோம். தேங்காயைத் தட்டிப் பார்க்காமல் காசு கொடுப்பதில்லை. ஆனால் காருக்கு டயர் வாங்கும் வேளையில் மட்டும், "நல்லதாகப் பார்த்துப் போட்டுவிடுங்கள்" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்து நாளிதழைப் புரட்டத் தொடங்கிவிடுகிறோம். நான்கு சக்கரங்களும் ஒரே அளவாக உள்ள கார்களில் இதனால் பெருந்தீங்கு நேராமல் போகலாம். முன் சக்கர டயர் ஓர் அளவும் பின் சக்கர டயர் வேறோர் அளவுமாக அமைந்த கார்களில், இந்த அசட்டை உயிருக்கே உலை வைத்துவிடக்கூடும்.

இவ்வகைக் கார்கள் செல்வர் வீட்டு வாசலில் மட்டுமே நிற்பவை என்று எவரும் எண்ண வேண்டாம். நாம் நன்கறிந்த டாட்டா நானோ அத்தகைய ஒரு கார்தான். ஒரே ஸ்கூட்டரில் தந்தை, தாய், பிள்ளைகள் என்று நால்வர் மழையில் நனைந்து செல்லும் காட்சியைக் கண்டு மனம் நொந்த ரத்தன் டாட்டா, நடுத்தரக் குடும்பத்திற்கென ஒரு சிறு கார் செய்ய முனைந்ததாகக் கூறியதுண்டு. 2008ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள் புதுடில்லிக் கண்காட்சியில் அக்கார் உலகிற்குக் காட்டப்பட்டது. 2009இல் விற்பனைக்கு வந்தது. 'ஒரு இலட்ச ரூபாய்க் கார்' என்று பெயர் பெற்ற அதன் உற்பத்தி 2018ஆம் ஆண்டோடு நின்றது. எனினும் விற்ற வண்டிகள் பல இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. குறைந்த விலையில் கிடைக்கிறதே என்று பழைய நானோவை வாங்குகிற குடும்பங்களும் உண்டு. ஆதலால் அக்காரையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பொருளை ஆராய்வோம்.

நானோவின் முன் சக்கரங்களுக்கு உரிய டயர் 135/70 ஆர் 12. பின் சக்கரங்களுக்கு உரியது 155/65 ஆர் 12. காரின் அருகில் நின்று கூர்ந்து நோக்கினால், பின் டயர் சற்றுத் தடித்திருப்பதைக் கண்ணாலேயே காணலாம். இச்சிறு வேறுபாட்டை எதற்காக வைத்தார்கள்? இதை அறிந்துகொண்டால், டயர் வாங்கும்போது செய்யத் தக்கதும் தகாததும் தாமே விளங்கிவிடும்.

அம்பும் சிறகும்

நம் வயல்களில் உழும் டிராக்டரைப் பாருங்கள். முன்னே சிறு சக்கரம், பின்னே பெருஞ்சக்கரம். இழுக்கும் வேலையும் பெரும்பாரமும் பின் சக்கரத்திற்கு. திருப்பும் வேலை முன் சக்கரத்திற்கு. வேலைக்குத் தக்கபடி சக்கரம் அமைந்திருக்கிறது. மோட்டார் சைக்கிள்கள் பலவற்றிலும் பின் டயர் முன் டயரைவிடத் தடித்திருப்பதற்குக் காரணம் இதுவே.

பெரும்பாலான சிறு கார்களில் எஞ்சின் முன்னே இருக்கிறது. நானோவில் 624 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள இரண்டு சிலிண்டர் எஞ்சின் பின்னே இருக்கிறது. அது பின் சக்கரங்களைச் சுழற்றுகிறது. ஆகவே பாரமும் உந்துவிசையும் பின்புறத்தையே சார்ந்துள்ளன. நேர்ச்சாலையில் இதனால் தொல்லை இல்லை. வளைவில் திரும்பும்போதுதான் சோதனை.

வில்லிலிருந்து புறப்படும் அம்பை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் முனையில் பாரம் இருக்கிறது. பின்னே சிறகு இருக்கிறது. ஆகையால் அது நேராகப் பாய்கிறது. பாரத்தைப் பின்னே வைத்து, சிறகையும் நீக்கிவிட்டு எய்தால், அந்த அம்பு நடுவழியில் புரண்டு திரும்பும். பின்னே எஞ்சின் உள்ள காரும் அவ்வாறே. வளைவில் பாரமுள்ள பின்பகுதி வெளிப்புறமாக விலக முயல்கிறது. அதை இழுத்துப் பிடித்து நிறுத்துவது பின் டயர்கள் சாலையைப் பற்றும் பிடி. அந்தப் பிடி முன் டயர்களின் பிடியைவிட வலுவாக இருக்க வேண்டும் என்பதற்காகவே, பின்னே தடித்த டயரும் முன்னே மெல்லிய டயரும் கொடுத்தார்கள். பின்னாலுள்ள அந்தத் தடித்த டயர்தான் அம்பின் சிறகு.

முன் டயர் வழுக்கினால் என்ன ஆகும்? நாம் ஸ்டியரிங்கைத் திருப்பிய அளவிற்குக் கார் திரும்பாமல், வளைவின் வெளிப்புறம் நோக்கிச் செல்லும். அச்சம் தருவதுதான், ஆயினும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் பிடி திரும்பக் கிடைக்கும். பின் டயர் வழுக்கினாலோ, காரின் வால் பகுதி சுற்றிக்கொண்டு முன்னே வந்துவிடும். பதறிப்போய்க் காலை எடுத்தாலும் பிரேக்கை மிதித்தாலும் பாரம் முன்னோக்கிச் சாய்ந்து, பின் டயரின் பிடி இன்னும் தளரும், சுழற்சி மிகும். நன்கு பயின்ற ஓட்டுநர்களுக்கே இதைச் சமாளிப்பது அரிது. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு செல்லும் சாதாரண மனிதரால் இயலுமா? எனவேதான் காரைச் செய்வோர், ஏதேனும் ஒன்று வழுக்கத்தான் வேண்டுமென்றால் முன்னே உள்ளது முதலில் வழுக்கட்டும் என்று திட்டமிடுகிறார்கள்.

அமெரிக்கா கற்ற பாடம்

பின்னே எஞ்சின் வைத்த காரில் முன்பின் டயர்களின் சமநிலை எத்துணை முக்கியம் என்பதை அமெரிக்க நாடு கசப்பான அனுபவத்தால் கற்றது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1959ஆம் ஆண்டின் இறுதியில் செவர்லே கோர்வேர் என்னும் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதிலும் எஞ்சின் பின்புறத்தில்தான். ஆனால் நான்கு டயர்களும் ஒரே அளவு. சமநிலையைக் காற்றின் அழுத்தத்தால் சரிக்கட்டினார்கள்: முன் டயர்களில் 15 பவுண்டு, பின் டயர்களில் 26 பவுண்டு. முன்னே காற்றுக் குறைந்தால் முன் பிடி தளர்ந்து, பின்புறம் நிலையாக நிற்கும் என்பது கணக்கு.

கணக்கு சரிதான், ஆனால் அதை நினைவில் வைத்திருக்க வேண்டிய பொறுப்பு முழுவதும் காரின் உரிமையாளர் மீதும், காற்று அடித்துத் தருபவர் மீதும் விழுந்தது. எல்லாக் கார்களுக்கும் அடிப்பதுபோல் நான்கிலும் ஒரே அளவு அடித்துவிட்டால் சமநிலை கெட்டது. 1965இல் ரால்ஃப் நாடர் என்ற வழக்கறிஞர் எழுதிய 'அன்சேஃப் அட் எனி ஸ்பீட்' என்னும் நூலின் முதல் அதிகாரம் இந்தக் காரைப் பற்றியது. பின் சக்கரங்களைத் தாங்கிய அமைப்பின் குறைகளோடு, காற்றழுத்த வேறுபாட்டை நம்பி இருந்த நிலையையும் அவர் கடிந்தார். இதற்கிடையில் 1964, 1965 ஆகிய ஆண்டுகளின் மாதிரிகளில் சக்கர அமைப்பு திருத்தப்பட்டிருந்தது. பின்னர் 1972இல் வெளிவந்த அரசாங்க ஆய்வு, தொடக்ககாலக் கோர்வேரும் அக்காலத்து மற்றக் கார்களைவிட மோசமானதன்று என்று கூறியது. வழக்கு எப்படி முடிந்தாலும் படிப்பினை ஒன்றே: காரைச் செய்தவர் முன்னுக்கும் பின்னுக்கும் வைத்த வேறுபாட்டை, அறியாமல் சமமாக்குவது ஆபத்து.

செருமனி நாட்டின் போர்ஷே நிறுவனத்தார் அதே சிக்கலை டயரின் அகலத்தாலேயே தீர்த்தார்கள். பின்னே எஞ்சின் உள்ள அவர்களது 911 வகையில், 1973ஆம் ஆண்டின் கரேரா ஆர்.எஸ். 2.7 என்னும் காருக்கு முன்னே 185 மில்லிமீட்டரும் பின்னே 215 மில்லிமீட்டரும் அகலமுள்ள டயர்கள் பொருத்தப்பட்டன. பந்தயக் காருக்கும் நம் நானோவுக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்; ஆனால் இயற்கையின் விதி இரண்டிற்கும் ஒன்றே.

எண்களைப் படிக்கும் முறை

டயரின் பக்கவாட்டில் பொறித்துள்ள எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்வது கடினமன்று. பள்ளியில் விழுக்காட்டுக் கணக்குப் படித்த பிள்ளைகளே செய்துவிடலாம். 155/65 ஆர் 12 என்பதில், 155 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பதைக் குறிக்கும். ஆர் என்பது ரேடியல் என்னும் வகை. 12 என்பது ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில்.

இப்போது கணக்கிடுவோம். பின் டயர்: 155இல் 65 விழுக்காடு 100.75 மில்லிமீட்டர். மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவர், 201.5. ரிம் 12 அங்குலம், அதாவது 304.8. மொத்த உயரம் 506.3 மில்லிமீட்டர். முன் டயர்: 135இல் 70 விழுக்காடு 94.5, இரு மடங்கு 189, ரிம்மோடு சேர்த்து 493.8 மில்லிமீட்டர். ஆக, அகலத்தில் 20 மில்லிமீட்டர் வேறுபாடு, உயரத்தில் 12.5 மில்லிமீட்டர் வேறுபாடு.

அளவை அடுத்து ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். எண் என்பது அந்த டயர் தாங்கக்கூடிய பாரத்தின் குறியீடு. 65 என்று இருந்தால் 290 கிலோ. 71 என்று இருந்தால் 345 கிலோ. 75 என்று இருந்தால் 387 கிலோ. எழுத்து வேகத்தின் குறியீடு. எஸ் என்பது மணிக்கு 180 கிலோமீட்டர், டி என்பது 190, எச் என்பது 210. புதிய டயரில் இவ்விரண்டும், கார் உற்பத்தியாளர் குறிப்பிட்டதற்குக் குறையாமல் இருக்க வேண்டும். வேகக் குறியீடு குறைந்தால் நம் சாலையில் உடனே தெரியாது. பாரக் குறியீடு குறைந்தால் ஐவர் ஏறிய அன்றே டயர் வருந்தத் தொடங்கும்.

கடையில் கிடைக்கும் யோசனைகள்

நானோவிற்கு டயர் தேடிச் செல்பவர் முதலில் சந்திப்பது, "இந்த சைஸ் கையிருப்பில் இல்லை" என்ற பதில். உற்பத்தி நின்றுவிட்ட காரின் டயரை எல்லாக் கடைக்காரரும் வாங்கி அடுக்கி வைத்திருக்கமாட்டார்கள். அப்போது உரையாடல் பெரும்பாலும் இவ்வாறு செல்லும்.

"சார், எதற்கு இரண்டு சைஸ் தேடி அலைகிறீர்கள்? நாலும் ஒரே சைஸாகப் போட்டுவிடலாம். ஸ்டெப்னியும் நாலுக்கும் பொருந்தும்."

"கம்பெனி வேறு வேறாகத்தானே கொடுத்திருக்கிறான்?"

"அது கம்பெனி கணக்கு சார். ரிம் பன்னிரண்டு அங்குலம். பன்னிரண்டு அங்குல டயர் எதுவானாலும் உட்காரும்."

கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று கூற முடியாது. டயர் ரிம்மில் உட்காரும் என்பது உண்மை. ஆனால் ரிம்மில் உட்காருவது வேறு, காருக்குப் பொருந்துவது வேறு. அவர் கூறக்கூடிய யோசனைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதலாவது, மாருதி 800 காருக்குப் பழக்கமான 145/70 ஆர் 12 அளவை நான்கிலும் போடுவது. இதன் உயரம் 507.8 மில்லிமீட்டர். நானோவின் பின் டயர் உயரத்தோடு ஏறக்குறைய ஒத்துவருவதால், கச்சிதமாகப் பொருந்திவிட்டது போன்ற தோற்றம் உண்டாகும். கவர்ச்சி மிகுந்த யோசனையாதலால் இதில்தான் விழிப்பு தேவை. என்ன நடந்திருக்கிறது? பின்னே அகலம் 10 மில்லிமீட்டர் குறைந்தது. முன்னே 10 மில்லிமீட்டர் கூடியது. அதாவது பாரமுள்ள பின்புறத்தின் பிடியைக் குறைத்து, முன்புறத்தின் பிடியைக் கூட்டிவிட்டோம். அம்பின் சிறகைக் கத்தரித்துவிட்டோம். மெதுவாகக் கடைத்தெருவிற்குச் சென்று வரும்வரை எதுவும் தெரியாது. மழை நாளில், வளைவில், எதிரே ஒரு பேருந்து வந்து திடீரென ஒதுங்க நேரும்போதுதான் தெரியும்.

இரண்டாவது, ஆல்டோவிற்குரிய 145/80 ஆர் 12. எளிதில் கிடைக்கும் அளவு. ஆனால் இதன் உயரம் 536.8 மில்லிமீட்டர், நானோவின் முன் டயரைவிட 43 மில்லிமீட்டர் அதிகம். ஸ்டியரிங்கை முழுவதும் ஒடிக்கும்போது டயர் மட்கார்டின் உட்புறத்தில் உரசக்கூடும். பின்னே போட்டாலும் உயரம் 6 விழுக்காடு கூடிவிடுகிறது. ஆதலால் எஞ்சினுக்கு இழுவைச் சுமை மிகும். மேட்டில் ஏறும்போது திணறும்.

மூன்றாவது, பின் டயர் அளவான 155/65ஐ நான்கிலும் போடுவது. பின் பிடி குறையவில்லை. ஆனால் முன் பிடி கூடிவிட்டதால் சமநிலை மாறத்தான் செய்கிறது. ஸ்டியரிங் கனக்கும். முன் சக்கரக் குழியில் அதற்கு இடமிருக்கிறதா என்பதும் கேள்வியே.

நான்காவது, முன் டயர் அளவான 135/70ஐ நான்கிலும் போடுவது. இது எல்லாவற்றிலும் கேடானது. எஞ்சினையும் பின் இருக்கையில் அமர்ந்துள்ளோரையும் தாங்க வேண்டிய இடத்தில், அதற்கென அமையாத மெல்லிய டயரை வைத்துவிடுகிறோம். பிடியும் போயிற்று, தாங்கும் வலுவும் போயிற்று.

ஆகவே முடிவு ஒன்றே. முன்னுக்கு முன் அளவு. பின்னுக்குப் பின் அளவு. கிடைக்கவில்லையெனில், கடைக்காரரிடம் முன்பணம் கொடுத்து வரவழைத்துத் தரச் சொல்லுங்கள். பெரிய நகரத்து மொத்த விற்பனையாளரிடம் விசாரியுங்கள். சில நாள் காத்திருப்பது நட்டமன்று.

இரண்டா, நான்கா?

நான்கும் ஒரே அளவாக உள்ள கார்களில், சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை முன் டயரைப் பின்னும் பின் டயரை முன்னுமாக மாற்றி, நான்கையும் ஒரே சீராகத் தேயச் செய்யலாம். அளவு வேறுபட்ட கார்களில் இது இயலாது. இடப்பக்கத்து டயரை வலப்பக்கத்திற்கு மாற்றலாம். அதுவும் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி டயரில் இல்லாதிருந்தால் மட்டுமே.

பாரமும் உந்துவிசையும் பின்னே இருப்பதால் நானோவில் பின் டயர்கள் விரைவில் தேய்வது இயல்பு. 'முன் டயரில் பட்டன் நன்றாக இருக்கிறதே, அதுவும் தேயட்டும், சேர்த்து மாற்றலாம்' என்று இழுத்தடிப்பவர்கள் உண்டு. சிக்கனம் போலத் தோன்றும் இதைவிடப் பெரிய ஊதாரித்தனம் இல்லை. முன்னே நல்ல டயரும் பின்னே மொட்டை டயரும் இருக்கும் நிலைதான், கார் சுழல்வதற்கு மிக ஏற்ற நிலை.

மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி காரின் டயரில் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. டயரின் பள்ளங்களுக்குள் ஆங்காங்கே சிறு மேடுகள் இருக்கும்; பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் எல்லையைத் தொட்டுவிட்டது என்று பொருள். ஆனால் சட்டத்தின் எல்லை வேறு, பாதுகாப்பின் எல்லை வேறு. அகலமான டயர், தேய்ந்த நிலையில், தேங்கிய மழைநீரின்மீது படகுபோல் மிதக்கத் தலைப்படும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் நெடுஞ்சாலைகளில் நீர் எப்படி நிற்கும் என்பது எல்லாரும் அறிந்ததே. ஆதலால் பின் டயரில் பட்டன் 3 மில்லிமீட்டர் அளவிற்கு வந்ததும் மாற்றிவிடுவது அறிவுடைமை.

மாற்றும்போது ஒரே அச்சிலுள்ள இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். இரண்டும் ஒரே நிறுவனத்தின் ஒரே வகையாக இருக்கட்டும். நான்கும் ஒரே வகையாக இருந்தால் இன்னும் நன்று. முன் டயர்களை மாற்றும் வேளை வந்து, பின் டயர்களும் பாதிக்கு மேல் தேய்ந்திருக்குமானால், நான்கையும் சேர்த்து மாற்றிவிடுவதே நலம். முன்னே புத்தம் புதியதும் பின்னே பழையதுமாக ஓட்டும் நிலையை வரவழைத்துக்கொள்ளாதீர்கள்.

டயருக்கும் வயது உண்டு

சிறு காரை வைத்திருப்போர் பலர் அதிகம் ஓட்டுவதில்லை. ஞாயிறு ஆலயத்திற்கும், வாரச் சந்தைக்கும், எப்போதாவது உறவினர் வீட்டிற்கும் எடுப்பார்கள். பட்டன் தேயாது, ஆனால் ரப்பர் முதிர்ந்து இறுகிவிடும். வெயிலில் நின்ற டயரின் பக்கச்சுவரில் சிறு சிறு வெடிப்புகள் காணும். அத்தகைய டயர் பார்வைக்குப் புதியது, பிடியில் பழையது.

டயரின் பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் ஒரு வரிசையின் இறுதியில் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்று இருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். அரிதாக விற்கும் அளவாயின், கடையில் நெடுநாள் கிடந்த சரக்கு நம் தலையில் கட்டப்படக்கூடும். ஆதலால் ரிம்மில் ஏற்றுமுன் இந்த நான்கு எண்களைப் பார்த்துவிடுங்கள். ஐந்தாண்டைத் தாண்டிய டயரை ஆண்டுதோறும் அறிந்தவரிடம் காட்டிச் சோதிக்க வேண்டும். பத்தாண்டு ஆனது எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் கழித்துவிட வேண்டும் என்பது டயர் நிறுவனங்கள் பலவும் கூறும் அறிவுரை. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். நம் நாட்டில் விற்கும் கார் டயருக்கு அது கட்டாயம்.

ஸ்டெப்னியும் காற்றும்

முன்பின் அளவு வேறுபட்ட காரில் ஸ்டெப்னி ஒன்றே ஒன்றாயின், அது ஏதேனும் ஓர் அச்சுக்குத்தான் சரியாகப் பொருந்தும். மற்ற அச்சுக்கு அது ஆபத்துக்கு உதவும் கைத்தடி மட்டுமே. உங்கள் காரின் ஸ்டெப்னி எந்த அளவு என்பதை இன்றே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். முன் சக்கர அளவிலான ஸ்டெப்னியைப் பின்னே மாட்ட நேர்ந்தால், ஒரே அச்சில் ஒருபுறம் உயரமும் மறுபுறம் தாழ்வுமான சக்கரங்கள் சுழலும். நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் ஓயாமல் உழைத்துச் சூடேறும். பிடியும் இருபுறமும் ஒத்திராது. எனவே மிக மெதுவாக அருகிலுள்ள பஞ்சர் கடைவரை மட்டும் ஓட்டிச் சென்று, உரிய டயரைச் சரிசெய்து மாட்டிவிட வேண்டும். அந்நிலையிலேயே நெடும்பயணத்தைத் தொடர்வது கூடாது. பஞ்சர் பட்டனிருக்கும் பரப்பில் ஏற்பட்டால் அடைக்கலாம். பக்கச்சுவரில் ஏற்பட்டால் அந்த டயரைக் கழித்துவிடுவதே முறை.

காற்று அடிக்கும் இடத்திலும் கவனம் தேவை. "நாலிலும் முப்பது வையுங்கள்" என்று சொல்வது பலருக்கு வாய்ப்பழக்கமாகிவிட்டது. உங்கள் காருக்கு முன்னே எத்தனை பவுண்டு, பின்னே எத்தனை பவுண்டு என்பது காரின் கையேட்டிலும், பெரும்பாலும் ஓட்டுநர் பக்கத்துக் கதவருகே ஒட்டிய தாளிலும் அச்சிடப்பட்டிருக்கும். அந்த இரு எண்களும் வேறுபட்டிருந்தால், அந்த வேறுபாடும் டயர் அளவின் வேறுபாட்டைப் போலவே காரணத்தோடு வைத்ததுதான். டயர் சூடேறுமுன், காலை வேளையில் அளப்பது சரியான அளவைக் காட்டும். கோர்வேர் கார் கற்பித்த பாடத்தை இங்கே மறவாதீர்கள்.

பெரிய கார்களைப் பற்றி ஒரு சொல்

வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பியோர் சிலர் பி.எம்.டபிள்யூ. போன்ற பின் சக்கர உந்துவிசைக் கார்களைப் பழைய விலைக்கு வாங்குகிறார்கள். இவற்றுள் சிலவற்றிலும் முன்பின் அளவு வேறு. எடுத்துக்காட்டாக, முன்னே 225/45 ஆர் 18, பின்னே 255/40 ஆர் 18. கணக்கிட்டுப் பார்த்தால் முன்னது 659.7 மில்லிமீட்டர் உயரம், பின்னது 661.2. அகலத்தில் 30 மில்லிமீட்டர் வேறுபாடு இருந்தும், உயரம் ஏறத்தாழ ஒன்றே. நான்கு சக்கரங்களும் உந்தும் வகையாயின், இந்த உயர ஒற்றுமை இன்றியமையாதது. அது கெட்டால் விலையுயர்ந்த கியர் அமைப்பு பழுதாகும். 'அகலம் சரியாக இருக்கிறது' என்று மட்டும் பார்த்து வாங்காமல், மூன்று எண்களையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இதுவே சான்று.

பழைய காரை வாங்குவோர்க்கு

பழைய நானோவை விலைபேசும் முன் நான்கு டயர்களின் எண்களையும் குனிந்து படியுங்கள். முன்னே இருந்தவர் கைக்குக் கிடைத்ததைப் போட்டு ஓட்டியிருக்கலாம். நான்கும் ஒரே அளவாக இருந்தால் அது சிறப்பன்று, குறை. உரிய டயர்களை வாங்கும் செலவைக் கணக்கிட்டு விலையில் குறைத்துக் கேளுங்கள். காரைப் பின்னிருந்து தொடர்ந்து பார்த்தும், மெதுவாக வளைத்து ஓட்டியும் சோதியுங்கள். புதிய டயர்களைப் போட்டதும் வீல் அலைன்மென்ட், பேலன்ஸிங் இரண்டையும் செய்துவிடுங்கள். இல்லையெனில் தேடி அலைந்து வாங்கிய டயர் ஒருபுறமாகத் தேய்ந்து, சில மாதங்களில் மீண்டும் கடை வாசலில் நிற்க நேரும்.

'அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது' என்றனர் நம் முன்னோர். அச்சாணி சிறியது; கண்ணில் படாதது; தேரின் ஓட்டமோ அதைச் சார்ந்தது. காரும் சாலையும் ஒன்றையொன்று தொடும் இடம், டயர் ஒன்றுக்கு ஓர் உள்ளங்கை அளவுதான். அந்த நான்கு உள்ளங்கைகளை நம்பியே மனைவி மக்களையும் முதிய பெற்றோரையும் ஏற்றிக்கொண்டு வேளாங்கண்ணித் திருவிழாவிற்கும் உறவினர் இல்லத் திருமணத்திற்கும் புறப்படுகிறோம்.

இன்று மாலையே ஒரு சிறு தாளை எடுங்கள். முன் டயரின் அளவு, பின் டயரின் அளவு, இரண்டிற்கும் உரிய பாரக் குறியீடு, காற்றின் பவுண்டு ஆகியவற்றைத் தெளிவாக எழுதிக் காரின் முன் பெட்டியில் வையுங்கள். வீட்டில் கார் ஓட்டும் மகனும் மகளும் அந்த எண்களின் பொருளை அறிந்திருக்கட்டும். அடுத்த முறை டயர் வாங்கச் செல்பவர் யாராயினும், "நல்லதாகப் பார்த்துப் போடுங்கள்" என்று சொல்லாமல், அந்தத் தாளைக் கடைக்காரரிடம் நீட்டி, "முன்னே இது, பின்னே இது" என்று சொல்லட்டும்.